படி இறங்காத பதிவேடு

ஹலோ... ஹலோ, அட்மிஷன் செக்‌ஷனா? ஹெட்கிளார்க் சார்தானே... ஆமா ஆமா, நான்தான். மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்களுக்குக் காலேஜ்ல என்ன வசதி இருக்குன்னு ஆராய்ச்சி பண்றேனே, அந்தச் சமூகப் பணியாளர்... தொந்தரவா? அட, அதுக்குத்தானே சார் எனக்குச் சம்பளம்.

எங்க இருக்கேனா? உங்களுக்கு நேர் கீழே, படிக்கட்டுப் பக்கத்துல. கூட ஒரு பொண்ணு, சக்கர நாற்காலியில... ஆமா ஆமா, கணக்குப் பாடத்துக்கு உங்க லிஸ்ட்ல முதல் பேரு அவதான். அஞ்சு மணிக்குள்ள பதிவேட்டுல கையெழுத்துப் போடலைன்னா சீட் அடுத்த ஆளுக்குப் போயிடுமாமே. மணி நாலே முக்கால்...

மேல வரணுமா. மூணாவது மாடிக்கு... லிஃப்ட்தானே? பாத்தேன். என் கேள்வித்தாளுக்கு நீங்க அனுப்பின பதில்லயும் "லிஃப்ட் உண்டு"ன்னு கொட்டை எழுத்துல இருக்கு. கதவைத் திறந்தா பழைய விடைத்தாள் கட்டு, கூரை வரைக்கும்... வேற இடம் இல்லையா? பாவம், அதுங்களுக்கும் படி ஏற முடியலை போல.

என்னது... நாலு பசங்க தூக்கிட்டு வரட்டுமா? இருங்க, அவகிட்டயே கேக்கறேன்... "முதல்ல அவரை நாலு பேர் தூக்கிட்டு இறங்கட்டும், பாத்துட்டுச் சொல்றேன்"ங்கறா.

சரி, பதிவேட்டை நீங்க கீழ கொண்டு வாங்களேன்... வழக்கமில்லையா? அறையைத் தாண்டக் கூடாதா? ம்... ம்... நல்லது. மாற்றுத்திறனாளி மாணவர் எத்தனை பேர்னு கேட்டதுக்கு, "யாரும் இல்லை, ஆகவே குறையும் இல்லை"ன்னு எழுதியிருந்தீங்க. புல்லரிச்சுப் போச்சு சார். எப்படி இல்லாமப் போனாங்கன்னு இப்பத்தான் புரியுது...

நான் எங்க சார் கோபப்பட்டேன்? ஆராய்ச்சி அறிக்கைக்கு எழுதிட்டிருக்கேன். "ரெண்டு காலும் நல்லா இருக்கிற ஹெட்கிளார்க் மூணு மாடி இறங்கி வர மறுத்துட்டார். மணி நாலு ஐம்பது." ஆமா, அச்சுல வரும். உங்க பதவியோட...

வர்றீங்களா? சந்தோஷம்... இல்ல சார், எழுதாம விட முடியாது. இறங்கி வந்தீங்கன்னும் சேர்த்து எழுதறேன், போதுமா... பேனா எல்லாம் அவகிட்டயே இருக்கு. பதிவேடு வந்தா போதும்.

சார், பாத்து இறங்குங்க. முதல் மாடித் திருப்பத்துல கைப்பிடி கழண்டு தொங்குது... தெரியாதா? தினம் அந்த வழியாத்தானே சார் போறீங்க... ஹலோ? ஹலோ...

வெச்சுட்டார்மா. செருப்புச் சத்தம் கேக்குது. பேனாவை எடு.