போர் என்றொரு மலை

அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியதும், எனக்கு முன் சீட்டிலிருந்த பெரியவர் திடீரென்று பக்கத்திலிருந்த மனைவியிடம் சொன்னார்: "மலைக்கே போருன்னு பேரு வெச்சிருக்கானுங்க. அந்த ஊர்ல எம்புள்ளைக்கு என்ன வேலை?"

மகள் அயர்லாந்தில் நர்ஸ் என்பது அடுத்தடுத்த பேச்சில் தெரிந்தது.

"எந்த மலைங்க?" என்று கேட்டார் மனைவி.

"அவ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல, கடலோரமா, கூரா நிக்குதாம். அந்த ஊருப் பாசையில அதோட பேருக்குப் போருன்னுதான் அர்த்தமாம். நேத்து போன்ல அவளே சொன்னா. டிவியில தெனமும் போருதானே பாக்கறோம்! வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துரு கண்ணுன்னு சொல்லிப்போட்டேன்."

அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "என்னைய ஒரு வார்த்த கேக்காமயா? எவ்வளவு பாடுபட்டுப் போன புள்ளைங்க! படம் அனுப்பியிருந்தா காட்டுங்க."

செல்போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, நம்ம களத்துல கெடக்கற வைக்கப்போரு மாதிரியே இருக்குதுங்களே!"

பெரியவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அந்தப் போரா?"

இரண்டு வளைவுகள் கழிந்துதான் சிக்னல் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

"கண்ணு, வேலைய விட்டுட்டியா?"

"விடுவனாப்பா? போரு மலைக்குப் பயந்து ஓடி வந்தா, எங்க வந்து சேருவேன்? கொல்லிமலைக்குத்தானே!"