முன்னறைப் படத்தில் நான்கு விரல்கள்

படங்களை அடுக்க உட்காருகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். பிடித்த படத்தில் ஆரம்பிப்பார்கள், அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள், வேலை ஓர் அங்குலம் நகராது. தேதியில்தான் ஆரம்பிக்க வேண்டும். மருத்துவமனைப் பதிவறையில் இருபத்தாறு வருடம் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கியவள் நான். இந்த வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அழிந்த படங்களை மீட்டுத் தருவது உங்கள் தொழில். என் தம்பி கொடுத்த கம்ப்யூட்டரையும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளையும் ஒரு வாரம் குடைந்துவிட்டு, அவனை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். "டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்லம்மா. தோண்டத் தோண்ட வெறும் சுவர் வீடியோதான் வருது. யாரோ தெரிஞ்சே பண்ணியிருக்காங்க," என்றீர்கள். கெட்டிக்காரர்தான். வேறு வாடிக்கையாளர் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

தம்பியும் அவன் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார்கள். பாப்பாவுக்கு மூன்று மாதம் ஆனபோது தம்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, உன்னை விட்டா எங்களுக்கு யாரு? நீதான் பாத்துக்கணும்," என்றான். எனக்குக் குடும்பம் குட்டி என்று ஒன்றும் இல்லை. வேலையை விட்டுவிட்டு அவர்கள் வீட்டோடு வந்துவிட்டேன். முதல் பல், முதல் நடை, பள்ளிக்கூடத்தில் முதல் நாள், எல்லாவற்றையும் நான்தான் படமெடுத்து அவர்கள் ஆபீசுக்கு அனுப்பினேன். எடுக்கிறவள் படத்தில் இருக்க மாட்டாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு மத்தியானம் தூக்கக் கலக்கத்தில் பாப்பா என்னை அம்மா என்று கூப்பிட்டாள். வாய் தவறிச் சொல்லியிருப்பாள் என்பீர்கள். நான் திருத்தவில்லை.

ஆறு வயதில் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டாள். அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் பேச முடியாது.

"எல்லாத்தையும் ஒரே எடத்துல சேத்துக் குடுக்கா," என்றான் தம்பி. மூன்று போன், இரண்டு கேமரா, முப்பத்தோராயிரம் படங்கள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் இறக்கினேன். இணையத்தில் இருந்ததையும் இறக்கிவிட்டு அங்கே இருந்த கணக்கை மூடினேன். போன்களைக் காலி செய்தேன். வாரம் ஒருமுறை இரண்டு டிஸ்க்குகளும் கம்ப்யூட்டரைப் பார்த்து அப்படியே மாறிக்கொள்ளும்படி செய்தேன். இங்கே இருப்பது அங்கேயும் இருக்கும், இங்கே இல்லாதது அங்கேயும் இருக்காது. தம்பிக்கு இதை விளக்கினேன். தலையை ஆட்டினான். அதுவரை என் மனசில் எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

பாப்பா போய் ஒரு வருடம் ஆனதும் நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். முன்னறையில் மாட்டப் பெரிய படம் வேண்டும் என்றார்கள். நானும் பாப்பாவும் சேர்ந்து இருந்தது மொத்தம் ஒன்பதே படங்களில். அதில் ஒன்றைக் கொடுத்தேன். பூங்கா பெஞ்சில், பாப்பா என் மடியில். சட்டம் போட்டு வந்தபோது என்னைக் காணவில்லை. இடது கையின் நான்கு விரல்கள் மட்டும் பாப்பாவின் வயிற்றில் இருந்தன. அதையும் வெட்டினால் குழந்தையின் சட்டை போய்விடும் என்று விட்டுவைத்திருந்தார்கள்.

வந்தவர்களில் ஒரு பெண் படத்தைப் பார்த்து, "இது யாரு கை?" என்று கேட்டாள்.

"அதுவா, பாப்பாவைப் பாத்துக்கிட்டவங்க," என்றாள் தம்பி மனைவி.

தேநீர்த் தட்டோடு நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். தம்பி அவள் பக்கத்தில்தான் நின்றான். என் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். கூடப் பிறந்தவன். நான் தட்டைக் கீழே போடவில்லை. ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கொடுத்து முடித்தேன்.

முகங்களைப் பார்த்து ஆள்வாரியாகப் பிரிக்கிற வசதி கம்ப்யூட்டரில் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததா. மூன்று மாத முகத்தையும் ஆறு வயது முகத்தையும் பக்கத்தில் வைத்து, இருவரும் ஒருவர்தானா என்று கேட்கும். பெற்றவள் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஆமாம் போட்டாள். நான் ஒன்றில்கூடத் தவறவில்லை. பதிவறையில் ஒரு விதி உண்டு. ஒரு கோப்பை அழிப்பதற்கு முன்னால் அது அந்த ஆளுடையதுதானா என்று இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். பாப்பா இருந்த படங்கள் நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம். அவர்கள் வேலைக்குக் கிளம்பியதும் தினம் நாற்பது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை நன்றாகப் பார்த்தேன். பிறகுதான் அழித்தேன். மூன்றரை மாதம் ஆனது.

அழித்த இடத்தில் வேறு எதையாவது எழுதாவிட்டால் உங்களைப் போன்றவர்கள் தோண்டி எடுத்துவிடுவீர்கள் என்று படித்திருந்தேன். கேமராவை ஒரு சுவரைப் பார்த்து வைத்துப் பகல் முழுக்க ஓடவிட்டேன். நீங்கள் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருப்பது பாப்பாவின் கட்டில் கிடந்த பக்கத்துச் சுவர்.

போன வாரம் பாப்பாவின் பிறந்தநாள். தம்பி மனைவி கம்ப்யூட்டரைத் திறந்தாள். நான் பெயர் போட்ட தொகுப்புகள் எல்லாம் வரிசையாக இருந்தன. முதல் பல், காலி. முதல் நடை, காலி. கடைசிவரை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அப்புறம் என் மடியில் வந்து விழுந்தாள்.

"அண்ணி, என்னமோ ஆயிடுச்சு, பாப்பா எங்கயுமே இல்ல. நீங்கதான் எப்படியாவது கண்டுபிடிச்சுத் தரணும்."

தலையைத் தடவிக் கொடுத்தேன். நன்றாக அழுதாள். வீட்டில் இப்போது மிச்சம் அந்த முன்னறைப் படம் ஒன்றுதான். காலையில் எழுந்ததும் அதைத்தான் துடைக்கிறாள், என் விரல்களையும் சேர்த்து.

தம்பியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒன்பது படங்களையும் நான் அழிக்கவில்லை. ஒரு பென் டிரைவில் போட்டு என் பையில் வைத்திருக்கிறேன். மூன்றில் தம்பி மனைவி ஓரமாக நின்றிருந்தாள். சுத்தமாக வெட்டியாயிற்று, ஒரு விரல்கூட மிச்சமில்லை. தம்பி வந்து கேட்டால் தாராளமாகக் கொடுப்பேன். குழந்தை அதன் அம்மாவோடு இருக்கிற படம் ஒன்றாவது கிடைக்காதா என்றுதானே உங்களிடம் வந்தான். ஒன்பதிலும் பாப்பா அவள் அம்மாவோடுதான் இருக்கிறாள்.