யாரும் திட்டாத வாரம்

என் கையெழுத்து சுமார்தான், பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

"ஒரு வாரமா ஆபீஸ்ல என்ன யாரும் திட்டல. அதான்டி பயமா இருக்கு."

"திட்டலன்னா நல்லதுதானே?"

"டேட்டாபேஸ்ல எத மாத்தணும்னாலும் முன்னல்லாம் என்கிட்டதான் வரணும். லேட் பண்றேன்னு திட்டுவாங்க. இப்ப புரோகிராம் எழுதறவங்களே மாத்திக்கறாங்க."

"அப்ப உன் வேல?"

"என் ரூம்லயே உக்காந்திருந்தா போயிடும். இன்னிலேர்ந்து அவங்க நடுவுல போய் உக்காரப் போறேன். அவங்க எழுதறத நானும் கத்துக்குவேன். எத மாத்தினா எது கெட்டுப்போவும்னு முன்னாடியே சொல்லுவேன்."

"கேக்கலன்னா?"

"கேக்கற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன். வேணும்னா நாற்காலியோட தூக்கட்டும்."

எழுதியது: ஐப்பசி மாதம், கடைசி திங்கட்கிழமை.