சலீம் படகு நிக்கும்

கனகவல்லி: அப்புறம்? படகுத்துறையில இன்னைக்கு யாரெல்லாம் இருந்தாங்க, லூர்துசாமி அண்ணே?

லூர்துசாமி: யாரு இருப்பா... நாய்ங்கதான். பலகையில நீட்டிப் படுத்திருக்கு. ஜனங்க தாண்டித் தாண்டிப் படகுல ஏறுறாங்க.

கனகவல்லி: எழுப்ப மாட்டாங்களே.

லூர்துசாமி: நம்ம மட் தீவுல தூங்குறத யாரு எழுப்பியிருக்கா? மளிகைக்கடை விச்சுவே கல்லாவுல தலைய வச்சுத் தூங்குறான்.

கனகவல்லி: நாமளே வெல்லத்த எடுத்துக்கிட்டு, காச டப்பாவுல போட்டுட்டு வரணும்.

லூர்துசாமி: மும்பைன்னு பேரு. அக்கரையில எல்லாரும் ஓடுறாங்க. இக்கரையில... காயப்போட்ட துணிய மறுநாள்தான் எடுக்கிறோம்.

கனகவல்லி: இங்க பூனாவுல, நிக்டி பிளாட்டுல லிஃப்ட்கூட நிக்காதுண்ணே. நான் நடந்து வர்றதப் பாத்துக்கிட்டே பட்டன அமுக்குறாங்க.

லூர்துசாமி: சலீம் படகு நிக்கும்.

கனகவல்லி: ஆள் வர்றது தெரிஞ்சா கயித்த அவுக்க மாட்டான். எங்க வீட்டுக்காரரு ஓடினதே இல்லையே. ‘நிக்கும், நிக்கும்’னு நடந்தே வருவாரு.

லூர்துசாமி: ரங்கராஜன் சார் நடை... நேவி ஆபீஸே அவருக்காகக் காத்திருக்கும். சார் ஆத்மாவுக்குக் குருசடியில மெழுகுத்திரி ஏத்திட்டுத்தான் இப்ப போன்ல பேசுறேன்.

கனகவல்லி: நல்லாருங்கண்ணே. ...என்ன அது, சங்கு மாதிரி?

லூர்துசாமி: அதுவா... கப்பலு. கப்பல் போகுது.

கனகவல்லி: தெனம் இதே நேரத்துக்குப் போகுதே.

லூர்துசாமி: கப்பலுக்கும் டூட்டி இருக்கும்ல, தங்கச்சி.

கனகவல்லி: அதுவும் சரிதான். அண்ணே, நாரளி பூர்ணிமா வருதுல்ல, கடலுக்குத் தேங்கா விடுற நாள்... முரளி லீவு போட்டிருக்கான். கார்ல வரேன்.

லூர்துசாமி: இந்த மழையிலயா?

கனகவல்லி: நாம நனையாத மழையா?

லூர்துசாமி: காட் ரோடு, மலைப்பாதை, வழுக்கும். பையனப் போட்டு ஏன்...

கனகவல்லி: என் பையன் ஓட்டுவான்.

லூர்துசாமி: எனக்கு வேற முழங்கால் வலி. வாசல் தாண்ட முடியல.

கனகவல்லி: இப்பத்தான் குருசடிக்குப் போனேன்னீங்க.

லூர்துசாமி: ...அது கிட்டத்தான.

கனகவல்லி: நான் பெட்டியக் கட்டிக்கிட்டு பூனாவுக்குக் கிளம்பின அன்னைக்கு என்ன சொன்னீங்க?

லூர்துசாமி: ‘நான் இங்க இருக்கிற வரைக்கும் தீவு உனக்கும் இருக்கு’ன்னேன்.

கனகவல்லி: அப்ப வரக் கூடாதா? ஒருதரம் உங்களோட அந்தக் காத்துல நின்னுட்டாப் போதும்ணே.

லூர்துசாமி: தங்கச்சி... வேணாம். நீ வந்தா... நான் அங்க...

கனகவல்லி: சொல்ல வேணாம்ணே.

லூர்துசாமி: இல்ல, கேளு. நான்...

கனகவல்லி: மழை மாசத்துல சலீம் படகே ஓட்ட மாட்டான். மறந்துட்டீங்க பாருங்க. போன மாசம் நானும் முரளியும் மலாட் வழியா ரோட்டுலயே சுத்திப் போனோம். உங்க வீட்டு ஜன்னல்ல வேற யாரோ திரை போட்டிருந்தாங்க. ‘லூர்து சாச்சா மகனோட உங்க பூனாவுக்கே, போசரிக்குப் போயி ரெண்டு வருஷமாச்சே’ன்னு சலீம் சொன்னான்.

லூர்துசாமி: ...தெரிஞ்சுமா தெனம் ஆறு மணிக்குக் கடலக் கேட்டுக்கிட்டிருந்த?

கனகவல்லி: ஃபேக்டரிச் சங்கு ஊதுற எடத்துல உக்காந்துக்கிட்டு, எனக்காக அத்தன நாயையும் படுக்க வச்சீங்களே... அத எப்படிண்ணே வேணாங்கிறது? அன்னைக்கு நீங்க இல்லாமப் பாத்தது கடலாவே இல்ல. உங்க மகன்கிட்ட முரளி வழி கேட்டுட்டான். கார் மொதல்ல போசரிக்குத்தான் வரும். முழங்காலப் பாத்து மெதுவா எறங்குங்க. நிக்கும், நிக்கும்.