கடைசிப் பாகம் பார்க்காதவன்

— கேட்டைத் திறங்கண்ணே. சும்மா கையைக் காட்டி நிப்பாட்டாதீங்க.

— இனி என் கையில இல்ல உதயா. கேட்டை மூடிட்டேன்னு ஸ்டேஷனுக்கு நம்பர் குடுத்தாச்சு, சிக்னல் விழுந்தாச்சு, கதம். ரயில் வண்டி போனாத்தான் இந்தக் கட்டை மேல ஏறும். பட்டாளத்துல இருந்து வந்தவன்கிட்ட ரூலை மீறுன்னு சொல்லாத. பைக்கை ஆஃப் பண்ணு. சாக்குல என்ன, உரமா?

— ஒங்களுக்குத் தெரியாதாக்கும்.

— கைப்பிடி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. அதை உள்ள தள்ளிட்டு அப்புறம் பேசு.

— நீட்டிக்கிட்டே இருக்கட்டும். நேத்து ராத்திரி பூராம் உக்காந்து தீட்டினது. நாகராசு நார்த்தாமலையில மாமனார் வீட்டுல ஒளிஞ்சிருக்கானாம். அவன் பொண்டாட்டி அமராவதி அழுதுக்கிட்டே அங்கிட்டு பஸ் ஏறினதைப் பார்த்தவங்க சொன்னாங்க. உசிரை எடுக்க மாட்டேண்ணே. ஒரு கால். எடது கால். என் தம்பிக்கு எது போச்சோ அது. அம்புட்டுத்தான்.

— அழகுக்குக் காலை எடுத்துட்டாங்களா?

— நேத்துக் காலையில. முழங்காலுக்குக் கீழ. காப்பாத்தத்தான் பார்த்தோம், சீழ் ஏறிருச்சுன்னாங்க டாக்டரம்மா. மயக்கம் தெளிஞ்சதும் போர்வையை அவனே தூக்கிப் பார்த்தான். பார்த்துட்டு ஒரு வார்த்தை அழலை. “அண்ணே, மாடு பொழைச்சிருச்சா?”ன்னு கேட்டான். நான் வெளிய வந்து செவுத்துல முட்டிக்கிட்டேன்.

— அய்யோ, பாவிப் பயலே. அவனைத் தண்டவாளத்துல இருந்து தூக்கினவன் நான் உதயா. அன்னைக்கு இதே கேட்டுல நிக்கிறேன், கண்ணுக்கெட்டுற தூரத்துல மாடு ஓடியாருது, பின்னாடியே அழகு. கொம்புல கயிறைப் போட்டுட்டான். போட்டவன் கையில சுத்திக்கிட்டான், அதுதான் கெட்டுப் போச்சு. எஞ்சின் மாட்டை அடிச்சு இழுத்துச்சு, கயிறோட அவனையும் இழுத்துச்சு. நான் ஓடிப் போறதுக்குள்ள ஜல்லியெல்லாம் ரத்தம். என் பச்சைக் கொடியைக் கிழிச்சுத் தொடையில இறுக்கிக் கட்டினேன். அவன் செருப்பு அந்தப் பக்கம் தனியாக் கெடந்துச்சு. சண்டையில பார்க்காததா, ஆனா தெரிஞ்ச பையன்னா அது வேறப்பா.

— அந்தக் கயிறை அவன் போட வேண்டியதே இல்லண்ணே. வாடிவாசல்ல அவுத்து விடுறது நான், அந்தாண்ட கலெக்‌ஷன் பாயிண்ட்ல கயிறோட நின்னு பிடிக்கிறது நாகராசு. வருசா வருசம் அப்படித்தான். மாமன் மகனாச்சேன்னு நம்பி நிறுத்தினேன். அன்னைக்கு மாட்டை ஒருத்தன் தொட முடியலை. மைக்குல எங்க பேரைச் சொல்றான், நான் துண்டைச் சுத்திக்கிட்டு ஆடுறேன். அந்தப் பக்கம் இந்த நாயி கயிறைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு போனைப் பார்த்துக்கிட்டு நிக்கிது. மாடு அவனைத் தாண்டி வயக்காட்டுல எறங்கி ரயில் ரோட்டுக்கே வந்துருச்சு. வேடிக்கை பார்க்க வந்த என் தம்பிதான் தொரத்திக்கிட்டு ஓடினான்.

— போனைப் பார்த்தான்னு எவன் சொன்னது?

— பக்கத்துல நின்ன அடைக்கலம் பார்த்திருக்கான். ஞாயித்துக்கெழமை மத்தியானம் போன்ல என்னண்ணே வந்துச்சு? ‘நெருப்புப் பாதை’ கடைசிப் பாகம் வந்துச்சு. வேற எதைப் பார்த்திருப்பான்?

— இந்தச் சனியன் பிடிச்ச நாடகத்தை எங்களுக்குப் பழக்கி விட்டதே நீதான். அமெரிக்காவுல மலையைக் குடைஞ்சு ரயில் ரோடு போடுறானாம், பாகத்துக்கு நாலு கொலையாம், தமிழ்ல பேசுறானுங்களாம், வாங்கண்ணே பார்ப்போம்ன. நான் வேலையே ரயில் ரோட்டுல பார்க்கிறேன், வீட்டுக்குப் போயும் ரயில் ரோடா பார்க்கணும்னு கேட்டேன். அப்புறம் ஒனக்கு முந்தி நான் போனை எடுத்து வச்சுக்கிட்டு ஒக்காந்தேன்.

— வெட்டுன்னா அது வெட்டுண்ணே. நம்ம நாடகத்துல மாதிரி வெட்டுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் முறைச்சுக்கிட்டு நிக்க மாட்டான் அந்த ஹீரோ ரூபன். நம்ம மாட்டுக்கு ஓடுற பசங்க அத்தனை பேரு பனியன்லயும் அவன் மூஞ்சியைத்தான் அடிச்சேன்.

— பனிமலையில எஞ்சின் கவுந்துச்சே, அந்தப் பாகத்தை டீக்கடையில நான் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஆறு பேரு செத்துட்டான்ங்கிறேன். பின்னாடி இருந்து பரோட்டாவை மென்னுக்கிட்டே ஒரு குரல்: “அண்ணே, தப்பு. ஏழு. சமையக்காரனை விட்டுட்டீங்க.”

— நாகராசுதானே. அவன் சின்ன மாமியா சாவுல, பாடை கட்டிக்கிட்டு இருக்கும்போது என்னைத் திருத்தினவண்ணே. “அண்ணே, தப்பு”ன்னு ஆரம்பிச்சான்னா அம்புட்டுத்தான். எவனாச்சும் கதையை மாத்திச் சொன்னா அவனுக்கு ஒடம்பு அரிக்கும், சொல்லி முடிச்சாத்தான் அடங்கும். சிரிக்க வைக்காதீங்கண்ணே. நான் சிரிக்கிற நெலைமையில இல்ல. தண்ணி குடுங்க, தொண்டை காயுது. ரூமை ஏன் பூட்டி வச்சிருக்கீங்க? பானை உள்ளதானே இருக்கு?

— காலையில ஒரு பாம்பு பூந்துருச்சு. வெளிய பூட்டுப் போட்டு வச்சிருக்கேன், அய்யாக்கண்ணு வந்துதான் பிடிக்கணும். இந்தா, பாட்டில்ல குடி.

— இன்னும் வண்டியைக் காணோம்.

— புதுக்கோட்டையில லேட்டு. நீ இப்படி ஒக்காரு. கேளு. நாகராசு போனைப் பார்த்தான், நாடகத்தைப் பார்க்கலை.

— ரெண்டுக்கும் என்னண்ணே வித்தியாசம்?

— இருக்கு. திங்கக்கெழமை கருப்பர் கோயில்ல ஊரே கூடி நின்னுச்சு. நீ தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில இருந்த. நான் இருந்தேன், என் கண்ணால பார்த்தேன். சூடத்தைக் கொளுத்தி வச்சாங்க. நாகராசு அதை உள்ளங்கையால அடிச்சு அணைச்சான். தோல் கருகுற வாடை என் மூக்குக்கே வந்துச்சு. “அமராவதி கூப்பிட்டா, எடுத்துக் காதுல வைக்கிறதுக்குள்ள மாடு தாண்டிருச்சு. நாடகத்தை நான் பார்க்கலை. கடைசிப் பாகத்துல என்ன நடந்துச்சுன்னு இந்த நிமிசம் வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கருப்பர் என் கண்ணைப் பிடுங்கட்டும்”ன்னான்.

— பொய்ச் சத்தியம் பண்ணியிருப்பான்.

— யோசிச்சுப் பேசு உதயா. கருப்பருக்கு முன்னாடி எவன் பண்ணுவான்? சரி, அதை விடு. அவன் போன் என்ன ஆச்சு?

— ஞாயித்துக்கெழமை சாயங்காலமே ஆஸ்பத்திரி வாசல்ல பிடுங்கிக் கல்லுல அடிச்சேன். தூள் தூளாப் போச்சு. அவன் வாயிலயும் குத்தினேன். இந்தா பாருங்க, அவன் பல்லு என் கையில எறங்கின தடம். நாலு பேரு விலக்கி விடலைன்னா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

— அப்ப அதுக்குப் பொறகு எதுல பார்ப்பான்? அமராவதி வச்சிருக்கிறது பட்டன் போன். கோயிலுக்கு வந்துட்டுப் போனதுல இருந்து ஒளிஞ்சுக்கிட்டுத் திரியுறான். அவன் கடைசிப் பாகத்தைப் பார்த்திருந்தா, கயிறும் கையுமா அங்க நின்னு பார்த்ததுதான். பார்க்கலைன்னா, பொண்டாட்டி கூப்பிட்டு எடுத்தவன். அச்சா? அதுக்கா காலை வெட்டுவ?

— என் பொண்டாட்டி சுகுணா கூப்பிட்டா நானும் எடுத்திருப்பேன். அதைச் சொல்றீங்க.

— அதைத்தான் சொல்றேன்.

— என் தம்பிக்குப் பொண்ணு பார்க்கிற வயசுலண்ணே… நான் என்ன பண்ணட்டும்? ராத்திரி கண்ணை மூடினா அந்தச் செருப்புதான் தெரியுது. என் நெலைமையும் ரூபன் நெலைமையும் ஒண்ணுதான். அவன் கூட்டாளி கிளே சீட்டு ஆடிக்கிட்டு பிரேக் போடாம விட்டான். தண்டவாளம் ஏத்தின வண்டி உருண்டு வந்து ரூபன் தம்பி காலைக் கூழாக்கிருச்சு. ரூபன் கோடாலியைத் தோள்ல போட்டுக்கிட்டுப் பனியில எறங்கினான். போன பாகத்தை அதோட நிறுத்திட்டானுங்க பாவிங்க. அடுத்து என்னன்னு தெரியாமயே நான் இந்த அருவாளைத் தூக்கிட்டேன். நீங்க பார்த்தீங்கள்ல? ரூபன் என்ன பண்ணினான்?

— பார்த்தேன், மறுநாள் பார்த்தேன்.

— சொல்லுங்க. விடாமச் சொல்லுங்க.

— கேளு. பனி கொட்டுது. ரூபனுக்கு மூணு நாளாச் சோறு தண்ணி கெடையாது. வழியில ரெண்டு பேரு மறிக்கிறானுங்க, கிளே கூட சீட்டு ஆடினவனுங்க. ஒருத்தன் துப்பாக்கியை எடுக்கிறதுக்குள்ள கோடாலி அவன் தோள்பட்டையில எறங்கிருச்சு. எலும்பு பிளக்குற சத்தம் போன்லயே கேக்குது. இன்னொருத்தன் ஓடுறான், முதுகுலயே வாங்குறான். பனியில ரத்தம் ஆவியாப் போகுது. ரூபன் மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு நடக்கிறான். பாலத்துக்குப் பக்கத்துல தந்தி ஆபீஸு. ஒத்தை ரூமு. அங்கதான் கிளே பதுங்கிக் கெடக்கான்.

— எவன் ஒளிச்சு வச்சான்?

— தந்திக்காரன்.

— அவனையும் போட்டானா?

— இல்ல… அவனை எதுக்குப் போடணும்? விட்டுட்டான். நல்ல மனுசன்னு விட்டுட்டான். கிளே பின்வாசல் வழியா பாலத்துல ஓடுறான். கீழ ஆறு. பாதிப் பாலத்துல கால் வழுக்கி விழுகுறான். ரூபன் போய் மேல நிக்கிறான். கோடாலியை ஓங்கிட்டான் உதயா. கிளே கையெடுத்துக் கும்புடுறான். ரூபனுக்கு அந்த நேரம் எல்லாம் ஞாபகம் வருது, ரெண்டு பேரும் ஒரே தட்டுல தின்னது, ஒரே கூடாரத்துல படுத்தது. அப்புறம்…

— அப்புறம்?

— கோடாலியைத் தூக்கி ஆத்துல எறிஞ்சுட்டான்.

— ரூபனா?

— ரூபன்தான். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. எறிஞ்சுட்டு அந்தத் தண்டவாளத்துலயே ஒக்காந்துட்டான்.

— எறிஞ்சுட்டானா. அம்புட்டுத் தூரம் பனியில நடந்து வந்து எறிஞ்சுட்டானா.

— அழுவு உதயா. நல்லா அழுவு. நேத்தே அழுதிருக்கணும் நீ.

— இந்தாங்கண்ணே, இந்த அருவாளை வாங்கிக்கங்க. என் கண்ணு முன்னாடி இருக்க வேணாம்.

— அந்தக் கல்லு மேல வை. வண்டி சத்தம் கேக்குது, நான் கொடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், கையில அருவா இருந்தா டிரைவர் பயந்துருவான். போனதும் எடுத்து உள்ள போட்டுர்றேன். தள்ளி நில்லு, காத்து இழுக்கும்.

— போயிருச்சா?

— போயிருச்சு. கார்டுக்கும் கையைக் காட்டியாச்சு. இந்தா, கட்டை தூக்கிருச்சு பாரு. நீ நார்த்தாமலைக்குப் போகலை, வந்த வழியே வீட்டுக்குப் போற. அச்சா?

— வீட்டுக்கு இல்லண்ணே, தஞ்சாவூருக்குப் போறேன். தம்பியும் கடைசிப் பாகம் பார்க்கலை. இதை அவன்கிட்ட சொல்லணும். கோடாலியை எறிஞ்சதுக்கு அப்புறம் என்ன? ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா? இன்னொரு தடவை சொல்லுங்க, மறந்துறாம இருக்கேன்.

— பேசலை. கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுவுறானுங்க. சடசடன்னு மழை பிடிச்சுக்கிருச்சு. மழையில நனைஞ்சுக்கிட்டே ரெண்டு பேரும் ஒரே குதிரையில ஏறி ஊருக்குத் திரும்புறானுங்க.

— மழையா? பனி கொட்டுச்சுன்னீங்க.

— பனிதான்… பனி மழையா மாறிருச்சு. நீ கெளம்பு உதயா, நேரமாச்சு.

— உள்ள யாருண்ணே செருமுறது?

— யாரும் இல்ல. பாம்புன்னு சொன்னேன்ல. கெளம்புப்பா.

— அண்ணே, தப்பு. மழையும் இல்ல, குதிரையும் இல்ல. தந்திக்காரனை வாசல்லயே ரெண்டாப் பிளந்துட்டுத்தான் ரூபன் பாலத்துக்கே வர்றான். கோடாலி ஆத்துக்குப் போகலைண்ணே, அடுத்த வெட்டு கிளே கால்லதான் விழுகுது.