மூணாவது கட்டம்

ஏழாவது கேள்விதானே? கேளுங்கம்மா, மூணு மாடி ஏறி சர்வே எடுக்க வந்துட்டு இதுக்கு ஏன் இழுக்குறீங்க. ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் குடுத்தீங்களா? இல்ல. மூணு மாசம்தான். அப்புறம் பவுடர் பால். காரணமா? தாராளமா சொல்றேன். ஆனா ஆர்வம் இல்லாத அம்மான்னு மட்டும் எழுதிட்டுப் போயிடாதீங்க.

பிரசவம் ஆகி நான் மயக்கம் தெளிஞ்சு கண்ணக்கூடத் தொறக்கல, அதுக்குள்ள மாமியார் கையில பாட்டில். குழந்தை அழுதா பால் பத்தல. தூங்கினா பால்ல சத்தில்லன்னுவாங்க. வீட்டுக்காரர் ஒத்தாசை பண்ணாரான்னா, சும்மா சொல்லக்கூடாது, தாய்ப்பாலோட மகிமைன்னு தினம் ரெண்டு வீடியோ அனுப்புவார். பக்கத்து ரூம்லேருந்து.

கான்ட்ராக்ட் வேலை, ரெண்டு மாசம்தான் லீவு. ஆஃபீஸ்ல வசதியா? ஐயோ, இல்லாமலா! கதவுல தாயும் சேயும் படம் ஒட்டின தனி ரூம். உள்ள ஒடஞ்ச நாற்காலி பதினொண்ணு, செத்துப்போன பிரிண்டர் ரெண்டு. தாழ்ப்பாள்தான் கிடையாது. கதவுக்கு முதுகை முட்டுக் குடுத்து நின்னுக்கிட்டே பால் எடுத்தேன். பேர் எழுதி ஃப்ரிட்ஜ்ல வச்சா, ஸ்டோர்ஸ் அண்ணன் எடுத்துக் காபியில ஊத்திக் குடிச்சிட்டு, பால் தண்ணியா இருக்குன்னு கேன்டீன்ல சண்டை போட்டார். சிரிங்க, பரவால்ல. மறுநாள்லேருந்து நான் எடுக்கல. மீட்டிங்ல ப்ளவுஸ் நனைஞ்சிடுச்சு, ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வேலையில எவ்வளவு ஈடுபாடு பாருங்கன்னார் மேனேஜர். கொஞ்ச நாள்ல பால் வத்திப்போச்சு.

என்னம்மா, டிக் போட இடம் தேடுறீங்களா? கிடைக்காது. மாமியாருக்குக் கட்டம் இல்ல, தாழ்ப்பாளுக்கும் இல்ல. இருக்கிறதே மூணு. தாய்க்கு நோய், குழந்தைக்கு நோய், தாயின் ஆர்வமின்மை.

பாக்காமலே எப்படிச் சொல்றேனா? கடைசிப் பக்கத்துல, தயாரித்தவர்னு பொடி எழுத்துல ஒரு பேர் இருக்கும் பாருங்க. முதல் பக்கத்துல என் பேர்னு நீங்க இப்ப எழுதினீங்களே, அதே பேர்தான். இந்த ஃபாரம் நான் யூனிவர்சிட்டியில இருந்தப்போ பண்ணது. கல்யாணம் ஆகல, குழந்தை இல்ல, எல்லாத்துலயும் ரொம்பத் தெளிவா இருந்தேன். அந்த மூணாவது கட்டத்துக்குத் தனியா கைத்தட்டல் வேற.

போடுங்க, அதுலயே போடுங்க. நல்லா அழுத்திப் போடுங்கம்மா, அடியில இருக்கிற கார்பன் நகல்லயும் விழணும்.