அறைக்குள் இருந்தவள்

பாட வேண்டிய நாளில் ரொவீனாவுக்குப் பால் கொடுக்கக் கூடாது, தொண்டையில் கோழை கட்டிவிடும். அதை முதலில் உங்கள் போலீஸ் அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள் ஷெரிஃப். இப்போது அவளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. பதினெட்டு வருஷமாக அவள் தட்டில் என்ன விழுகிறது என்று பார்த்தவள் நான்தான்.

நான் வெர்லா, அவளுக்கு ஏழு வயது மூத்தவள். கென்டக்கி மலையூர்ச் சந்தைகளில் அவள் கிட்டாரோடு பாடிய காலத்திலிருந்து பக்கத்தில் நின்று துணைக்குரல் கொடுத்தேன். வண்டி ஓட்டினேன், அவள் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன், ரேடியோக்காரர்களிடம் பல்லைக் காட்டினேன். அதிலெல்லாம் எனக்குக் குறை கிடையாது. என் குறை வேறு.

பாட்டுக் கம்பெனிகள் நிறைந்த நாஷ்வில்லில் பாட்டு எழுதுவது ஆபீஸ் வேலை மாதிரி. காலை பத்து மணிக்கு இரண்டு மூன்று பேர் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள், மத்தியானம் பாட்டோடு வெளியே வருவார்கள். அறைக்குள் இருந்த அத்தனை பேருடைய பெயரும் பாட்டுக்கு மேலே வரும். ஒருவன் மூன்று மணி நேரமும் கொட்டாவி விட்டுவிட்டு, 'மழை' என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லியிருந்தாலும் வரும். முதல் நாள் நானும் உள்ளே நுழையப் போனேன்.

"அக்கா, இது எழுதறவங்க இடம். நீ போய்க் காரக் கோழி வாங்கி வை, பசிக்கும்," என்றாள் ரொவீனா.

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் வண்டியில்தான் காத்திருந்தேன்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தால் பாட்டு வராது. எங்கள் நாய் ரஸ்டி லாரியில் அடிபட்ட அன்று எழுதிய பாட்டுதான் அவளை நாஷ்வில் வரைக்கும் கொண்டுவந்தது. வேலிக் கதவைத் திறந்து போட்டது நான். அது வெறும் மறதி. பிறகு லைல் என்று ஒரு டிரம்காரனிடம் மனசைக் கொடுத்தாள். அவனுக்குக் கொஞ்சம் திக்குவாய். அவன் முதுகுக்குப் பின்னால் அவள் அதைப் பேசிக்காட்டிச் சிரிக்கிறாள் என்று அவனிடம் சொன்னேன். அது மறதி இல்லை. அவன் சொல்லாமல் கொள்ளாமல் போனான். மூன்றாம் வாரம் அவள் எழுதியதைத்தான் அந்தக் கோடை முழுக்க ரேடியோவில் போட்டார்கள். வண்டியில் அதைக் கேட்கும்போதெல்லாம், பாதி என்னுடையது என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

அப்புறம் ஹோலிஸைக் கட்டிக்கொண்டாள். குதிரைக்கு லாடம் அடிப்பவன், தங்கமான மனுஷன். என்னை வாய் நிறைய மதினி என்று கூப்பிடுவான். இரண்டு வருஷம் உருப்படியாக ஒரு பாட்டு வரவில்லை. பாட்டுக் கம்பெனிக்காரர் ப்ரூயிட் என்னைக் கூப்பிட்டார்.

"உன் தங்கச்சி ரொம்ப சந்தோஷமா இருக்கா வெர்லா. கேக்கறவன் தூங்கிடுவான். ஆகஸ்டுக்குள்ள நல்ல பாட்டு வரலேன்னா நாங்க விலகிக்கறோம்."

அதை அவளிடம் சொன்னேன். தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைக்கூட அவள் நிறுத்தவில்லை.

"விலகட்டும் அக்கா. எனக்கும் அலுத்துப்போச்சு. இத வித்துப் பொழைச்சுக்கறோம்."

என் பதினெட்டு வருஷத்தைத் தக்காளிக்குக் கொடுத்துவிட்டாள். 

ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கு அவளை அந்த அறையில் விட்டேன். வெளியே காத்திருக்கும் அக்கா மூன்று மணி நேரம் என்ன செய்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. அவர்கள் பண்ணை அங்கிருந்து நாற்பது நிமிஷத் தூரம். ஹோலிஸ் மேட்டில் புல் வெட்ட டிராக்டரைத் தயார் செய்துகொண்டிருந்தான். ரொவீனா நோட்டை மறந்துவிட்டாள் என்றேன். தேடி எடுக்க வீட்டுக்குள் போனான். பிரேக் கம்பியைக் கோர்த்திருந்த இரும்பு ஊசியை உருவிக்கொண்டேன். அவன் திரும்பி வந்ததும், நோட்டு வண்டியிலேயே கிடக்கிறது என்றேன்.

"உங்களுக்கும் வயசாகுது மதினி," என்று சிரித்தான்.

அவள் வெளியே வந்தபோது நான் வாசலில் நின்றேன். கோழி சூடாகவே இருந்தது.

பழைய டிராக்டர், சரிவான மேடு, கீழே ஓடை. ஹோலிஸ் செத்ததை எல்லாரும் விபத்து என்றார்கள். அக்கம்பக்கத்தார் தட்டுத் தட்டாகச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ப்ரூயிட் பூ அனுப்பினார், கெடுவையும் தள்ளிவைத்தார். நான் அவசரப்படுத்தவில்லை. ஏழாம் வாரம் ஒரு நாள் காலை, அவள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கூடத்து அறைக்குள் போனாள்.

"உள்ள வா அக்கா. இத வேற யார்கூடவும் எழுத முடியாது."

தாளின் மேலே முதலில் தன் பெயரை எழுதினாள், அதன் பக்கத்தில் என் பெயரை. ஷெரிஃப், பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. இரண்டாம் சரணத்தில் அவளுக்கு ஓடவில்லை.

"அழுதேன், துடிச்சேன்னு வேணாம். கண்ணுல தெரியற மாதிரி ஒரு பொருள் சொல்லு."

நாஷ்வில்லில் அப்படித்தான் எழுதுவார்கள். கொட்டாவி விட்டவளாக எழுந்து வர எனக்கு மனசில்லை. அந்த இடத்தை உழைத்து வாங்க நினைத்தேன்.

"உன் மஞ்சத் தொப்பிய மாட்டிக்கிட்டு மேடேறினான்," என்றேன்.

அது உண்மை. அன்று அவன் தொப்பி அகப்படவில்லை. ரிப்பன் வைத்த அவளுடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, டிராக்டர் மேலிருந்து எனக்கு ராஜா மாதிரி கையசைத்தான். தொப்பி ஓடையோடு போய்விட்டது, யார் கண்ணிலும் படவில்லை.

அவள் அந்த வரியை எழுதி முடித்தாள். நிமிரவில்லை.

"அன்னிக்கு நாம கெளம்பும்போது அது ஆணியில தொங்குச்சு. நீ எப்ப பாத்த அக்கா?"

 பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய் உங்களுக்கு போன் செய்தாள். என் பெயரை அவள் அடிக்கவில்லை, நான் பார்த்தேன்.

அந்த ஊசி என் வண்டியின் சாம்பல் கிண்ணத்தில் கிடக்கிறது. நான்தான் செய்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இப்போது அவளுக்குப் புருஷனும் இல்லை, அக்காவும் இல்லை. இன்று காலை கட்டாயம் கிட்டாரை எடுத்திருப்பாள். இதுவரை எழுதியதிலேயே பெரிய பாட்டு இனிமேல்தான் வரும். அதிலும் என் பெயரைப் போடச் சொல்லுங்கள். தங்கைக்காக இவ்வளவு செய்கிற அக்கா யாருக்கு வாய்ப்பாள்?